அறை எண் 312 காலியாக இருந்தது

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததை ஏதோ பெரிய சாதனைபோலச் சொல்கிறார்கள். நெருப்புக்கென்ன, பற்றவைத்தால் எரியும். எரிந்து சாம்பலான வீட்டைப் பற்றி, ‘குடியிருப்பில் வெப்பநிலை தற்காலிகமாக உயர்ந்தது’ என்று முதன்முதலில் எழுதியவன் எவனோ, அவன் கையில்தான் நாகரிகம் பிறந்தது. சக்கரம், தடுப்பூசி, மின்விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு வரிசையில் நிற்க வேண்டியவை. இந்த மகத்தான உண்மையை இளைய தலைமுறைக்குக் கற்றுத்தரும் பொறுப்பை ஒரு பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பியல் துறை தன் தோளில் சுமந்துகொண்டிருந்தது.

துறை மூன்றாவது மாடியில், தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. வாசலில் இரண்டு பலகைகள். மேலே ‘மக்கள் தொடர்பியல் துறை’. அதற்கு நேர் கீழே ‘பொதுமக்களுக்கு அனுமதி இல்லை’. இரண்டையும் ஒரே பெயின்டர், ஒரே நீல வண்ணத்தில், ஒரே நாளில் எழுதியிருந்தார். அவர் சிரிக்காமல் எழுதி முடித்தார் என்பது அவருடைய தொழில் ஒழுக்கத்துக்குச் சான்று.

அந்தத் துறையின் இறுதியாண்டு மாணவி ஒருத்திக்கு ‘மைக்’ என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்து எந்த விழா என்றாலும் மேடையோரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. “மூச்சை இழுத்துப் பிடிங்க… விடுங்க” என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்வாள். அதற்கு மேல் யாரிடமும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததில்லை. மிச்சத்தைப் படம் சொல்லிவிடும்.

மைக் இந்தப் படிப்பில் சேர்ந்த அன்று அம்மா கேட்டாள்: “அது என்னம்மா படிப்பு?”

“ஒரு நிறுவனத்தைப் பத்தி ஜனங்ககிட்ட நல்லவிதமா எடுத்துச் சொல்றதும்மா.”

“நிறுவனம் நல்லவிதமா இல்லேன்னா?”

“அப்பதான்மா வேலையே.”

அம்மா கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தாள். பிறகு மூச்சை விட்டுவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

பாடத்திட்டம் ஆழமானது. முதல் பருவத்தில் ‘வருத்தம்: ஓர் அறிமுகம்’. இரண்டாம் பருவத்தில் ‘மன்னிப்புக் கேட்காமல் வருந்தும் முறைகள்’. மூன்றாம் பருவத்தில் துறைத்தலைவரே நேரில் வந்து இலக்கணம் நடத்தினார். அவர் ஒல்லியான மனிதர். எதைச் சொன்னாலும் சொல்லி முடித்தபின் அதை யார் சொன்னார்கள் என்று கேட்பதுபோலச் சுற்றுமுற்றும் பார்ப்பார்.

“‘நாங்க ஆத்துல சாயத்தைக் கலந்துட்டோம்.’ இதுல எழுவாய் எது?”

“நாங்க, சார்.”

“தூக்கு.”

“‘ஆத்துல சாயம் கலந்துடுச்சு’, சார்.”

“இப்ப யாரு கலந்தது?”

“தெரியலை சார்.”

“பாத்தியா! சாயம் தானாப் போய்க் கலந்திருக்கு. அதோட சுபாவம் அது. சரி, சாயத்தையும் தூக்கு.”

வகுப்பு திணறியது. மைக் எழுந்து நின்று, “‘ஆற்றின் நிறத்தில் ஒரு மாற்றம் உணரப்பட்டுள்ளது’, சார்” என்றாள்.

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தமிழ் இலக்கணத்துல தோன்றா எழுவாய்னு ஒண்ணு இருக்கு. செயல் இருக்கும், செஞ்சவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். நம்ம துறைக்குக் குலதெய்வம்னு ஒண்ணு உண்டுன்னா அதுதான்” என்றார்.

வேலைவாய்ப்பைப் பற்றியும் அன்றே தெளிவுபடுத்தினார். “டாக்டருக்கு நோயாளி வேணும். வக்கீலுக்குக் கட்சிக்காரன் வேணும். நமக்கு எங்கயாவது ஒரு தப்பு நடந்தா போதும். ஆஸ்பத்திரி, ரயில்வே, சுரங்கம், மருந்துக் கம்பெனி… தப்பு நடக்காத இடம்னு ஒண்ணு காட்டு பாப்போம். அப்புறம் நம்ம பிள்ளைங்களுக்கு வேலையில்லாத் திண்டாட்டம் எங்கேருந்து வரும்?”

பதினேழு பேர் கைதட்டினார்கள். பதினெட்டாவது மாணவி வாயை அகலத் திறந்து, கண்ணில் நீர் வரக் கொட்டாவி விட்டாள். அன்றிலிருந்து அவள் ‘கொட்டாவி’. அவள்தான் மைக்கின் உயிர்த்தோழி. ஒரே பஸ்ஸில் வருவார்கள். கடைசி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். கொட்டாவிக்கு ஒரு குறை உண்டு. எதைப் பார்த்தாலும் அதன் பெயரைச் சொல்லிவிடுவாள்.

அவர்களுடைய வகுப்பறை 312. அதன் மேற்கூரையில் ஒரு ஈரக்கறை இருந்தது. முதலாமாண்டில் அது உள்ளங்கை அளவு. இறுதியாண்டில் படுக்கை விரிப்பு அளவு. கொட்டாவி ஒரு மனு எழுதினாள்: ‘கூரை ஒழுகுகிறது. காரை உப்பியிருக்கிறது. எங்கள் தலையில் விழும்.’ அதைப் படித்த மைக்குக்கு மனது பொறுக்கவில்லை.

“இப்படியாடி எழுதுவாங்க? முகத்துல அடிச்ச மாதிரி இருக்கு.”

“தலையில அடிக்கறதுக்கு முன்னாடி முகத்துல அடிக்கட்டுமேடி.”

மைக் திருத்திக் கொடுத்தாள். ‘312ஆம் அறையின் மேற்பரப்பு ஈரப்பதத்துடன் நீண்டகாலமாகப் பேணிவரும் நெருக்கம் தங்கள் மேலான கவனத்துக்குரியது.’ நிர்வாகத்திலிருந்து பதில் வந்தது: ‘தங்கள் பாராட்டுக்கு நன்றி.’

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி. துறைத்தலைவர் ‘நெருக்கடி மேலாண்மை’ பாடத்தைத் தொடங்கினார். கரும்பலகையில் ‘நெருக்க’ என்று எழுதி, ‘டி’ போடக் கையைத் தூக்கினார். அப்போது அது நடந்தது. கடைசி பெஞ்சுக்கு மேலே கதவை இழுத்துச் சாத்தியதுபோல ஒரு சத்தம். அறை முழுக்க வெள்ளைப் புழுதி. மைக் இருமிக்கொண்டே கண்ணைத் திறந்தபோது, பெஞ்சின் மறுபாதியில் கதவகலத்துக்கு ஒரு காரைப் பாளம் கிடந்தது. கொட்டாவி அதற்கும் சுவருக்கும் நடுவில், வலது தோளை இடது கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. “சொன்னேன்ல?” என்றாள். பிறகு மயங்கிச் சாய்ந்தாள்.

நாலு பேராகத் தூக்கிக் கீழே கொண்டுவந்து பல்கலைக்கழக வண்டியில் ஏற்றினார்கள். கொட்டாவிக்கு நினைவு திரும்பியிருந்தது. மைக் ஒரு காலை வண்டியில் வைத்துவிட்டாள். அப்போது பின்னாலிருந்து துறைத்தலைவர் ஓடிவந்தார்.

“மைக், நீ போகாதே. பதிவாளர் கூப்பிடறார். ஒரு மணி நேரத்துல அறிக்கை போகணும். உன்னை விட்டா யாரு எழுதுவா?”

மைக் தோழியைப் பார்த்தாள். கொட்டாவியின் உதடு வெளுத்திருந்தது. “போடி, எழுதிட்டு வந்துரு” என்றாள் அவள். “நடந்ததை எழுது. அப்பவாவது சரி பண்ணட்டும்.”

மைக் வண்டியிலிருந்து காலை எடுத்தாள்.

பதிவாளர் அறை குளிர்ந்திருந்தது. கண்ணாடி மேஜையில் தூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் எங்கே கையெழுத்துப் போடக் கூடாது என்று தேடிப் பார்க்கும் நிதானம் பதிவாளருக்கு இருந்தது. அன்று அந்த நிதானம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது.

“பத்திரிகைக்காரங்க கேட்டுக்கே வந்துட்டாங்க. இன்னும் பதினஞ்சு நாள்ல தர மதிப்பீட்டுக் குழு வருது. இந்த நேரம் பாத்துத்தான் அது விழணுமா? கொஞ்சமாவது பொறுப்பு வேணாம்?”

காரையின் பொறுப்பின்மையை நினைத்துத் துறைத்தலைவரும் வருந்தினார்.

மைக் எழுதிக் கொடுத்தாள்: ‘இன்று காலை 312ஆம் அறையில் மேற்கூரையின் காரை பெயர்ந்து விழுந்ததில் மாணவி ஒருவர் படுகாயமடைந்தார்.’

பதிவாளர் படித்தார். “‘விழுந்தது’ங்கற வார்த்தை கொஞ்சம் கனமா இருக்கே?”

“காரையே கனம்தான் சார்.” வாய் தவறி வந்துவிட்டது.

“‘இறங்கியது’ன்னு போடலாமா?”

“இறங்குச்சுன்னா, ஏத்தி வெச்சது யாருன்னு கேப்பாங்க” என்றார் துறைத்தலைவர்.

மைக் யோசித்தாள். அவள் மூளைக்குள் மூன்று வருடப் படிப்பு சக்கரம்போலச் சுழன்றது. “‘மேற்பூச்சின் ஒரு பகுதி தன் இடத்திலிருந்து விலகியது’, சார்.”

“ஆகா!” பதிவாளர் நாற்காலியில் நிமிர்ந்தார். “பதவியிலேருந்து விலகின மாதிரி எவ்வளவு கௌரவமா இருக்கு! அதுவா முடிவெடுத்து விலகியிருக்கு. நாம என்ன பண்ண முடியும்?”

“இனிமே அந்த மாணவி” என்றார் துறைத்தலைவர்.

மூவரும் அந்த மாணவியைப் பற்றி யோசித்தார்கள். ‘படுகாயம்’ ‘காயம்’ ஆயிற்று. ‘காயம்’ ‘அசௌகரியம்’ ஆயிற்று. அப்படியும் அவள் வாக்கியத்தின் நடுவில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதிவாளர் பெருமூச்சு விட்டார்.

“அந்த நேரத்துல ரூம்ல யாருமே இல்லாம இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்…”

ஒரு நல்ல வாக்கியம் வரும்போது எழுதுகிறவர்களுக்கு உடம்பில் ஒரு சிலிர்ப்பு ஓடும். மைக்குக்கு ஓடியது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

“‘இருந்திருந்தா’, ‘இருந்திருக்கும்’னு போட்டா சந்தேகம் வரும் சார். மூணே வார்த்தையில முடிச்சுடலாம்.” எழுதினாள். ‘அறை காலியாக இருந்தது.’

பதிவாளர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார்.

“ஆனா வகுப்பு நடந்துக்கிட்டிருந்ததே” என்றார் பதிவாளர். அவருக்கும் மனசாட்சி உண்டு. அலுவலக நேரத்தில் அவ்வப்போது தலைகாட்டும்.

“சார், நான் தலைப்பையே எழுதி முடிக்கலை. தலைப்பு இல்லாததை எப்படி வகுப்புன்னு சொல்றது?” என்றார் துறைத்தலைவர். மனசாட்சி திருப்தியோடு இருக்கைக்குத் திரும்பியது.

மைக் நல்ல பிரதி எடுக்கக் குனிந்தாள். அவள் தலைமுடியிலிருந்து வெள்ளைப் புழுதி காகிதத்தின் மேல், சரியாக ‘காலியாக’ என்ற சொல்லின் மேல், பொலபொலவென்று கொட்டியது. ரெண்டு நாள் பேப்பர்ல வரும், அப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது என்று தனக்குத்தானே ஒரு விளக்கம் வெளியிட்டுக்கொண்டாள். பிறகு புழுதியை ஊதிவிட்டு எழுதினாள்.

“படிப்பு முடிச்சதும் இந்தப் பொண்ணு நம்ம ஆபீஸுக்கே வரட்டும்” என்றார் பதிவாளர். “மக்கள் தொடர்பு உதவி அலுவலர் இடம் காலியா இருக்கு.” ஒரே நாளில் இது இரண்டாவது காலியிடம். இது உண்மையாகவே காலியாக இருந்தது.

பிற்பகலில் மைக் மருத்துவமனைக்கு ஓடினாள். எக்ஸ்ரே அறை வாசலில் அம்மா ஈயக் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“உன் ஃபிரண்டுக்குக் காரை எலும்பு ரெண்டா உடைஞ்சிருக்கு. மேல் கையிலயும் முறிவு. ஆபரேஷன் பண்ணி பிளேட் வெக்கணுமாம்” என்றாள் அம்மா. “காரை விழுந்து காரை எலும்பு உடைஞ்சிருக்கு பாரு. நீ எங்கம்மா இருந்தே?”

“பக்கத்துலதாம்மா.”

அம்மா மகளின் தலையைத் தொட்டாள். விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தாள். “நல்லவேளை” என்று சொல்லி, அந்த இடத்திலேயே, வரிசையில் நின்ற நோயாளிகள் பார்க்க, மகளை அணைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பேப்பர் வந்தது. அம்மா சாப்பாட்டு மேஜையில் அதை விரித்துவைத்து இரண்டு முறை படித்தாள்.

“அறை காலியா இருந்ததுன்னு போட்டிருக்கே?”

“அது அறிக்கைம்மா.”

“நான் எடுத்தது படம். காலி ரூம்ல எப்படிம்மா எலும்பு உடையும்?”

“அறிக்கையில அப்படித்தாம்மா எழுதணும். உனக்குப் புரியாது.”

“யாரு எழுதினது?”

மைக் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அந்தக் கேள்வி காதில் விழவில்லை என்பது அவளுடைய அதிகாரப்பூர்வ நிலைப்பாடு.

நல்ல அறிக்கைக்கு ஓர் அழகு உண்டு. உண்மை அதோடு ஒத்துப்போகாவிட்டால், அது உண்மையைத் திருத்திவிடும். அறை காலியாக இருந்ததால், அன்று வகுப்பில் யாரும் இருக்கவில்லை. யாரும் இருக்காததால், வருகைப் பதிவேட்டில் பதினெட்டு பேருக்கும் ‘வரவில்லை’ என்று திருத்தப்பட்டது. மற்ற பதினேழு பேருக்கு அதனால் ஒரு நாள்தான் நஷ்டம். கொட்டாவிக்கு இரண்டு மாதம். அவள் மருத்துவ விடுப்புப் படிவத்தை இடது கையால் கோணல்மாணலாக நிரப்பி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் அனுதாபமான மனிதர்.

“‘விபத்து நடந்த இடம்’னு கேட்டிருக்கே, அதுல 312ன்னு போட்டிருக்கீங்க. அங்கதான் யாரும் இல்லையேம்மா.”

“நான் இருந்தேன் சார்.”

“அறிக்கையில இல்லையே. ஒண்ணு செய்யுங்க. மாடிப்படியில விழுந்தேன்னு எழுதிக் குடுங்க. மாடிப்படிக்கு இன்னும் அறிக்கை எதுவும் வரலை.”

“நான் விழலை சார். அதுதான் விழுந்துச்சு.”

“அதுவும் விழலையேம்மா. விலகியிருக்கு” என்றார் எழுத்தர் வருத்தத்தோடு.

விடுப்பு நிராகரிக்கப்பட்டது. வருகை அறுபத்து நாலு விழுக்காடு. எழுபத்தைந்து இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். கொட்டாவி மேல்முறையீடு செய்தாள். வகுப்புத் தோழர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள். அன்று எங்கே இருந்தோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் நினைவில்லை. ‘நெருக்கடி மேலாண்மை’ தாளின் செய்முறை மதிப்பெண் துறைத்தலைவர் கையில் இருந்தது. அவர்களுடைய பயிற்சி முழுமை பெற்றிருந்தது.

கடைசியாக மைக்கிடம் வந்தாள். கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, நூலக வாசல் படியில் உட்கார்ந்தாள்.

“நீ என் பக்கத்துல இருந்தியா இல்லையாடி?”

“இருந்தேன்.”

“அதை மட்டும் எழுதிக் குடு. ஒரே வரி. ‘நான் அங்கே இருந்தேன்.’ அவ்வளவுதான்.”

“மேல்முறையீட்டுக் குழு என்னையும் கூப்பிட்டிருக்கு. அங்க பேசறேன்டி” என்றாள் மைக். சொல்லும்போது உண்மையாகவே பேசிவிடுவதாகத்தான் இருந்தாள். அன்று பஸ்ஸில் அந்த வரியை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். நான் அங்கே இருந்தேன். ‘நான்’ என்ற முதல் சொல்லிலேயே வாக்கியம் நின்றுவிட்டது. மூன்று வருடம் அந்தச் சொல்லை அவள் பயன்படுத்தியதே இல்லை.

மேல்முறையீட்டுக் குழுவில் ஐந்து பேர். நடுவில் பதிவாளர். ஓரத்தில் துறைத்தலைவர். கொட்டாவி ஒரு பழுப்பு உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“இதுல தேதி இருக்கு சார். நேரம் இருக்கு. பன்னெண்டு இருபது. சம்பவம் நடந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எடுத்தது.”

பதிவாளர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். படம் மறுக்க முடியாதபடி தெளிவாக இருந்தது. குழுவில் கொஞ்சம் சலசலப்பு. ஓர் உறுப்பினர், “அப்ப… அந்த நேரத்துல…” என்று இழுத்தார். பதிவாளர் படத்தை மைக்கிடம் நீட்டினார்.

“அறிக்கையைத் தயாரிச்சது இவங்கதான். இந்த ஆவணத்தைப் பத்தி இவங்க கருத்து என்னன்னு கேப்போம்.”

மைக் படத்தை வாங்கினாள். கறுப்பில் வெள்ளையாய்த் தோழியின் எலும்பு, நடுவில் ஒடித்துப்போட்ட சாக்பீஸ்போல. கீழ் மூலையில் ஒரு சின்னக் கையெழுத்து. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளில் பன்னிரண்டு வருடம் அவள் பார்த்த கையெழுத்து. அம்மா ஒவ்வொரு படத்திலும் அப்படி ஓரத்தில் போடுவாள். எடுத்தவள் நான்தான் என்பதற்கு.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கொட்டாவியும் பார்த்தாள். பயமில்லாமல், பக்கத்து சீட்டில் இடம்பிடித்து வைத்திருக்கிறவளைப் பார்ப்பதுபோல. மைக் வாயைத் திறந்தாள். ‘நான்’ என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்து, அதைவிட மிக அழகான ஒரு வாக்கியம் வந்து அதை நெட்டித் தள்ளிவிட்டு முன்னால் நின்றது.

“படத்தில் எலும்பு முறிந்திருப்பது தெரிகிறது” என்றாள் மைக், நல்ல உச்சரிப்போடு. “அறை தெரியவில்லை.”

குழு நிம்மதியாக மூச்சு விட்டது. துறைத்தலைவரின் உதடுகள் அந்த வாக்கியத்தைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தன. மேல்முறையீடு ஒருமனதாகத் தள்ளுபடி ஆயிற்று.

கொட்டாவி படத்தைத் திரும்ப வாங்கி உறைக்குள் போட முயன்றாள். ஒரு கையால் முடியவில்லை. மைக் உதவிக்குக் கை நீட்டினாள். “வேணாம்” என்றாள் கொட்டாவி. பல்லால் உறையைக் கவ்விப் பிடித்து உள்ளே தள்ளினாள். கதவருகே போய்த் திரும்பி, “அந்த வரி நல்லா இருந்துதுடி” என்றாள். கோபமில்லை. எதைப் பார்த்தாலும் அதன் பெயரைச் சொல்லிவிடுகிற பழக்கம்தான்.

சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொட்டாவி ஏற்கெனவே போன் செய்திருந்தாள்.

“படத்துல ஓரத்துல இருந்த கையெழுத்தைப் பாத்தியா?”

“பாத்தேம்மா.”

“யாரோடதுன்னு தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

அம்மா ஒரு துண்டை நாலாக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள். “அப்ப எனக்கும் ஒரு அறிக்கை எழுதிக் குடு. என் பொண்ணைப் பத்தி யாராவது கேட்டா சொல்லணும்” என்றாள்.

அதற்குப் பிறகு இருவரும் சண்டை போடவில்லை. பால் வந்ததா, பஸ் கிடைத்ததா, மின்விசிறி சத்தம் போடுகிறதா என்பதுபோன்ற செய்திகள் மட்டும் இருதரப்புக்கும் இடையே சுமுகமாகப் பரிமாறப்பட்டன.

இதற்கிடையே தர மதிப்பீட்டுக் குழு வந்து போயிருந்தது. 312 பூட்டியிருந்தது, கதவில் புது வண்ணம். பல்கலைக்கழகத்துக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது. மைக் தங்கப் பதக்கத்தோடு தேறி, பதிவாளர் அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கிருந்து குடிநீர் வாரியம். அங்கிருந்து ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமம். பிறகு ரசாயனத் தொழிற்சாலை, பிறகு சுரங்க நிறுவனம். துறைத்தலைவர் சொன்னது பொய்யில்லை. போன இடமெல்லாம் தப்பு நடந்தது. வேலைக்குப் பஞ்சமே இல்லை.

கொட்டாவி படிப்பை விட்டுவிட்டு, பேருந்து நிலையத்தின் விசாரணைச் சாளரத்தில் உட்கார்ந்தாள். மக்களோடு தொடர்புகொள்ள முறையான பயிற்சி இல்லாதவள், பாவம். “அந்த பஸ் வராது. டிரைவர் லீவு. அடுத்தது ரெண்டு மணி நேரம் ஆகும், நடந்தா சீக்கிரம் போயிடலாம்” என்று பட்டென்று சொல்லிவிடுவாள். என்ன காரணமோ, மற்ற சாளரங்களில் ஆளே இல்லாதபோதும் ஜனங்கள் அவளுடைய சாளரத்தில்தான் வரிசை கட்டி நின்றார்கள்.

ஏழு வருடம் கழித்து ஒரு நண்பகல், கார் வழியில் நின்றுபோக, மைக் அந்த வரிசையில் நிற்க நேர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொட்டாவியின் வலது தோள் சற்றே தாழ்ந்திருந்தது. மைக் அதைப் பார்த்தாள். வரிசை நகர்ந்து, முகத்துக்கு நேர் முகம் வந்தாயிற்று.

“எங்க போகணும்?” என்றாள் கொட்டாவி. அடையாளம் தெரிந்த குரல்தான்.

“நடந்ததுக்கு… வருத்தம் தெரிவிக்கப்படுது” என்றாள் மைக். அவளுக்கே அது என்னவோபோல் இருந்தது. மறுபடி முயன்றாள். “அன்னிக்கு ஒரு தவறு நேர்ந்துடுச்சு.”

“யாரு செஞ்சது?”

மைக் வாயைத் திறந்தாள். கண்ணில் நீர் முட்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரேயொரு சொல் போதும். அதுவும் இரண்டே எழுத்து. வரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கொட்டாவி நியாயமான நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

“அடுத்தது யாரு?” என்றாள்.

மைக் விலகி நின்று வழிவிட்டாள். வாடகைக் கார் ஒன்றைப் பிடித்துச் சுரங்க அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அன்று காலை மண் சரிந்திருந்தது. அறிக்கை அவளுக்காகக் காத்திருந்தது.

சென்ற மாதம் அவளுக்கு ‘இந்த ஆண்டின் ஒப்பற்ற மக்கள் தொடர்பாளர்’ விருது வழங்கப்பட்டது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் அம்மாவுக்காக ஒதுக்கிய நாற்காலியில் அவளுடைய கைப்பை உட்கார்ந்திருந்தது. பாராட்டுப் பத்திரத்தைத் துறைத்தலைவரே தழுதழுத்த குரலில் வாசித்தார். அவள் பணியாற்றியது ஐந்து நிறுவனங்களில். சந்தித்தது நாற்பத்து மூன்று விபத்துகள். வெளியிட்ட அறிக்கைகளின்படி, அவற்றில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. மருத்துவத்தாலும் முடியாத சாதனை இது. இதை ஐயத்துக்கு இடமின்றி ஏற்கலாம். ஏனென்றால், இறந்தவர்கள் தரப்பிலிருந்து இன்றுவரை மறுப்பு ஏதும் வரவில்லை.